மென்படல மூலக்கூறுகளில் இலத்திரன் சிதறலைக் கணக்கிடுவது எப்படி? மலையகத்தில் இருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சூரியக்கலத்தின் மேலே படியும் சிலிக்கன் படலமும், கணினிச் சில்லுக்குள் இருக்கும் காப்புப் படலமும் பெரும்பாலும் பிளாஸ்மா அறைக்குள்தான் உருவாகின்றன. உள்ளே விடும் வாயு மூலக்கூறுகளில் இலத்திரன்கள் மோதுகின்றன. சில மோதலில் இலத்திரன் திசை மட்டும் மாறும். சிலவற்றில் மூலக்கூறு உடையும், இன்னும் சிலவற்றில் அயனாகும். எது எவ்வளவு நடக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் குறுக்குவெட்டு. அறையின் உள்ளே நடப்பதைக் கணினியில் மாதிரியாக்கும் பொறியியலாளருக்கு முதலில் தேவைப்படுவது இந்த எண்கள். பல வாயுக்களுக்கு முழுமையான அளவீடு கிடையாது, ஆகவே கணக்கிட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த வேலைக்கு வெற்றிட அறையோ விலையுயர்ந்த ஆய்வுகூடமோ வேண்டாம் என்பதால்தான் இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? விடுமுறைக்கு ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வீட்டுக்குப் போனாலும் வேலை நிற்காமல் ஓடும் தலைப்பு இது. ஆனால் வழிகாட்டிகள் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. அலகுகளும் ஆளுக்கு ஒன்று. நான் தடுமாறித் தேடிச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். அலைச் சமன்பாடு, ஒபிற்றல், ஆற்றீ-பொக் முறை ஆகியவை என்னவென்று ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

1. எந்தச் சக்தி, எந்தச் செயல்முறை என்று முதலில் எழுதி வையுங்கள்

“சிலேனின் குறுக்குவெட்டு வேண்டும்” (சிலேன் என்பது ஒரு சிலிக்கனும் நான்கு ஐதரசனும் சேர்ந்த, சிலிக்கன் படலத்துக்கான வாயு) என்று தொடங்கினால் வேலை முடியாது. படிவுப் பிளாஸ்மாவில் இலத்திரன்களின் சராசரிச் சக்தி சில இலத்திரன் வோல்ற்றுத்தான். அயனாக்கத்தை நடத்துவது அந்தப் பரம்பலின் உயர்சக்தி வால். ஆகவே இரண்டு வலயங்களும் வேண்டும், ஆனால் ஒரே முறை இரண்டுக்கும் பொருந்தாது.

ஏறத்தாழ 0.1 முதல் 10 இலத்திரன் வோல்ற்று வரை ஆர் தாய (R-matrix) முறை நன்றாக வேலை செய்யும், அது என்னவென்று 6ஆம் பகுதியில் சொல்கிறேன். அயனாக்கத்துக்கு, வாசல் சக்தியில் (அது நடக்கத் தேவையான மிகக் குறைந்த சக்தி) இருந்து சில ஆயிரம் இலத்திரன் வோல்ற்று வரை, பி.இ.பி. (Binary-Encounter-Bethe) என்ற எளிய சூத்திரம் போதும். பல பத்து இலத்திரன் வோல்ற்றுக்கு மேலே மீள்தன்மைச் சிதறல் (இலத்திரனின் திசை மட்டும் மாறும் மோதல்) வேண்டுமென்றால், மூலக்கூறைத் தனித்தனி அணுக்களாகப் பார்த்துக் கூட்டும் முறைகள் இருக்கின்றன. நடுவில், 15 முதல் 30 வரையான பகுதி எல்லாருக்கும் கடினம். முதல் ஆய்விலேயே அங்கே போகாதீர்கள்.

ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள்: செயல்முறை, சக்தி வீச்சு, முறை. மேற்பார்வையாளரிடம் முதல் நாளே இந்தத் தாளைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இடையில் “அதிர்வுக் கிளர்ச்சியையும் சேர்” என்று வேலை பெருகுவதை இது தடுக்கும். சிலேனில் அந்தக் கிளர்ச்சியின் வாசல்கள் 0.11, 0.27 இலத்திரன் வோல்ற்றை ஒட்டி இருக்கின்றன, பிளாஸ்மாவுக்கு அவை முக்கியமும்கூட. ஆனால் கருக்களை அசையாமல் வைத்துச் செய்யும் கணிப்பில் அவை நேரடியாகக் கிடைக்காது. அது தனி வேலை.

2. ஆவணங்களும் மென்பொருள் உரிமமும்

நல்ல செய்தி முதலில்: தேவையான எல்லாவற்றையும் ஒரு சதம் செலவில்லாமல் சட்டப்படி பெறலாம்.

ஒபிற்றல்களைக் கணிக்க சை4 (Psi4) அல்லது பைஎஸ்சிஎஃப் (PySCF). இரண்டும் திறந்த மூலம், கடிதம் எதுவும் கேட்பதில்லை. சிதறல் கணிப்புக்கு யூகேஆர்மோல் பிளஸ் (UKRmol+). பிரித்தானியக் குழுக்களை மையமாகக் கொண்டு உருவான இந்த நிரல்தொகுதி பற்றிய விரிவான கட்டுரை 2020இல் வெளிவந்தது. நிரலைச் செனோடோ களஞ்சியத்தில் இருந்து இறக்கலாம். உள்ளீட்டுக் கோப்புகளைத் தானாக எழுதித் தரும் பேர்ள் நிரல்களும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கையால் எழுதத் தொடங்காதீர்கள், எழுத்துகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தவறினாலும் நிரல் காரணம் சொல்லாமல் நிற்கும்.

ஓர்காவும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். மோல்புரோவுக்கும் கவுசியனுக்கும் கட்டணம் உண்டு. பழைய கட்டுரைகள் மோல்புரோவைப் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். யூகேஆர்மோல் பிளஸுக்கு வேண்டியது மோல்டன் வடிவிலான ஒபிற்றல் கோப்பு. சை4 அதை எழுதித் தரும். திருட்டுப் பிரதியாகக் கிடைக்கும் மென்பொருளைத் தொடவே வேண்டாம், அதில் வந்த முடிவை எங்கேயும் வெளியிட முடியாமல் போய்விடும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி. பதிவுகள் பலவற்றில் தனிப்பட்ட முகவரியை ஏற்க மாட்டார்கள். பட்டம் முடிந்ததும் இந்த முகவரி நிறுத்தப்படக்கூடும், ஆகவே முக்கியமான உரிமக் கடிதங்களை வேறிடத்தில் சேமியுங்கள்.

மேற்பார்வையாளரின் ஒரு பக்கக் கடிதம். ஆய்வின் தலைப்பு, காலம், “வணிக நோக்கம் இல்லை” என்ற வரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். துறைக் கணினியில் இரவு நேரக் கணக்குக் கேட்கும்போதும் இதே கடிதம் உதவும். பருவத்தின் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், பரீட்சைக் காலத்தில் கையொப்பம் பிடிப்பது பெரும்பாடு.

கட்டுரைகளுக்கு நூலகத்தின் சந்தா. அது இல்லாவிட்டால் ஆர்க்சைவ் தளத்தில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தத் துறை சிறியது, கேட்டால் அனுப்பி வைப்பவர்கள் பலர்.

3. கணினி, மின்சாரம், இணையம்

சிலேனுக்கு 8 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியே போதும். 16 இருந்தால் நிம்மதி. புதிதாக வாங்க வேண்டாம். பழைய அலுவலக மேசைக்கணினி ஒன்றை வாங்கி நினைவகத்தை மட்டும் கூட்டுவது பெரும்பாலும் மலிவாக முடியும். உபுண்டு நிறுவுங்கள், அல்லது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓடும் வசதியைப் பயன்படுத்துங்கள். போர்ட்ரான் தொகுப்பி, சிமேக், நேரியல் இயற்கணித நூலகங்கள் ஆகியவை எல்லாம் இலவசம்.

மின்கட்டணத்தைக் கணக்குப் பாருங்கள், யாரும் இதைச் சொல்வதில்லை. 200 வாற்று இழுக்கும் மேசைக்கணினி இரவில் பத்து மணி நேரம் ஓடினால் 2 அலகு, மாதம் முழுதும் ஓடினால் 60 அலகு. மடிக்கணினி 50 வாற்று என்றால் அதே மாதத்துக்கு 15 அலகுதான். நம் வீட்டுக் கட்டண முறையில் மாதம் 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகில் இருந்தே வேறு விகிதம் வந்துவிடும். லயன் வீட்டில் விளக்கும் தொலைக்காட்சியும் மட்டும் ஓடி 40, 45 அலகோடு நிற்கும் பட்டியல் உங்களால் மேல் படிக்குப் போனால் பாரம் அம்மா அப்பாவின் தலையில்தான். வீட்டில் மடிக்கணினியில் சிறிய ஓட்டங்கள், துறைக் கணினியில் பெரிய ஓட்டங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னலை எளிதாக எடுக்காதீர்கள். மார்ச்-ஏப்ரலிலும், ஒக்டோபர்-நவம்பரிலும் மாலை நேரத்தில் இடி இறங்கும். ரவுட்டர், மின்னேற்றி இரண்டையும் சுவரில் இருந்தே கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. நுவரெலியாக் குளிர் கணினிக்கு நல்லதுதான். ஆனால் பனிமூட்டத்தின் ஈரம் ஆகாது, யன்னலோரம் வைக்க வேண்டாம்.

மின்வெட்டுக்கு இந்த முறையே ஒரு வசதி தருகிறது. ஆர் தாயக் கணிப்பு பல கட்டங்களாக ஓடும், ஒவ்வொரு கட்டமும் தன் விளைவைக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். நடுவில் மின் போனால் அந்தக் கட்டத்தை மட்டும் மீண்டும் ஓட்டினால் போதும். ஒரே கட்டளைக் கோப்பில் எல்லாவற்றையும் அடைத்து இடைக்கோப்புகளை அழிக்கும்படி விட்டால் இந்த வசதி போய்விடும்.

இணையம் அதிகம் தேவையில்லை. நிரல்களை இறக்கும்போது மட்டும் நல்ல இணைப்பு வேண்டும். அதைப் பல்கலைக்கழக வளாகத்தில் முடித்துவிட்டு ஊருக்குப் போங்கள்.

4. ஐதரசன் மூலக்கூற்றில் கைக்கணக்கு

பெரிய நிரலைத் தொடும் முன் பி.இ.பி. சூத்திரத்தை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். கிம், ரட் இருவரும் 1994இல் தந்த சூத்திரம் இது. பொருத்திப் பார்க்கும் மாறிலி எதுவும் இல்லை. ஒவ்வொரு ஒபிற்றலுக்கும் மூன்று எண் தந்தால் அயனாக்கக் குறுக்குவெட்டு வந்துவிடும்: பிணைப்புச் சக்தி, சராசரி இயக்கச் சக்தி, அதில் இருக்கும் இலத்திரன் எண்ணிக்கை.

படும் இலத்திரனின் சக்தியைப் பிணைப்புச் சக்தியால் வகுத்தால் வருவது ‘த’. இயக்கச் சக்தியைப் பிணைப்புச் சக்தியால் வகுத்தால் வருவது ‘உ’. 13.606ஐப் பிணைப்புச் சக்தியால் வகுத்து, வர்க்கித்து, இலத்திரன் எண்ணிக்கையாலும் 3.519ஆலும் பெருக்கினால் ‘ம’ (சதுர அங்ஸ்ட்ரத்தில்). ‘மட’ என்பது இயற்கை மடக்கை. பிறகு:

குறுக்குவெட்டு = [ம ÷ (த + உ + 1)] × [(மட த ÷ 2) × (1 − 1 ÷ த²) + 1 − 1 ÷ த − மட த ÷ (த + 1)]

ஐதரசன் மூலக்கூற்றுக்குப் பிணைப்புச் சக்தி 15.43, இயக்கச் சக்தி 15.98 இலத்திரன் வோல்ற்று, இலத்திரன் 2. படும் சக்தி 100 என்று எடுங்கள். த 6.481, உ 1.036, ம 5.472. முதல் அடைப்பின் பெறுமானம் 0.6425, இரண்டாவது 1.508. பெருக்கினால் 0.97 சதுர அங்ஸ்ட்ரம். அளவீட்டு மதிப்புகளுக்கு மிக அருகில் இருக்கும் விடை இது. உங்கள் பைத்தன் நிரல் இதே எண்ணைத் தந்தால் சரி, மேலே போகலாம். இன்னொரு சோதனை: த 1 ஆகும்போது விடை பூச்சியம் ஆக வேண்டும்.

அப்புறம் சிலேன். அதில் 18 இலத்திரன். அயனாக்கத்துக்கு முக்கியமானவை வெளியே உள்ள எட்டு. சமச்சீர்ப் பெயரில் 3ஏ1இல் (3a₁) இரண்டு, 2டி2இல் (2t₂) ஆறு. ஆற்றீ-பொக் கணிப்பு 2டி2க்குத் தரும் பிணைப்புச் சக்தி 13ஐச் சற்றுத் தாண்டும், ஒளியிலத்திரன் அளவீடோ 12.3ஐ ஒட்டி நிற்கிறது. வெளி ஒபிற்றலுக்கு அளந்த மதிப்பையே இடுங்கள். இல்லாவிட்டால் வாசல் தள்ளிப்போகும், பிளாஸ்மாவுக்கு முக்கியமான இடமே அந்த வாசல்தான்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: மூன்றாம் ஓட்டிலும் அதற்கு அப்பாலும் உள்ள அணு ஒபிற்றல்கள் மேலோங்கும் இடத்தில், சூத்திரத்தின் வகுத்தியில் உள்ள (உ + 1) என்ற பகுதியைத் தலைமைச் சக்திச்சொட்டெண்ணால் (அந்த ஓட்டின் வரிசை எண்) வகுக்கச் சொல்கிறார்கள். சிலிக்கன் இருப்பதால் எல்லாவற்றையும் 3ஆல் வகுத்துவிடுவது தவறு. சிலேன் ஒபிற்றல்களில் ஐதரசனின் பங்கும் பெரிது. மல்லிக்கன் பங்கீட்டை (ஒபிற்றலில் எந்த அணுவுக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு) பார்த்துத் தீர்மானியுங்கள், இரு வகையாகவும் கணக்கிட்டு வேறுபாட்டை அறிக்கையில் எழுதுங்கள். உச்சம் 5 சதுர அங்ஸ்ட்ரத்தை ஒட்டி வர வேண்டும். 50 அல்லது 0.5 வந்தால் அலகுப் பிழை.

இந்தச் சூத்திரம் மொத்த அயனாக்கத்தை மட்டும் சொல்லும். சிலேன் முழு அயனாக நிற்பதில்லை, இரண்டு அல்லது மூன்று ஐதரசனோடு நிற்கும் துண்டு அயன்களே மிகுதி. எந்தத் துண்டு எவ்வளவு என்பதற்கு அளவீட்டு விகிதங்களைத்தான் நாட வேண்டும்.

5. மூலக்கூறை நிறுத்தும் விதம்

சிலிக்கன்-ஐதரசன் பிணைப்பு 1.48 அங்ஸ்ட்ரம், வடிவம் ஒழுங்கான நான்முகி. ஆனால் நிரலுக்கு நான்முகிச் சமச்சீர் முழுதாகத் தெரியாது. அதன் உட்குழுவான சி2வி சமச்சீரில் ஓட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஏற்றபடி மூலக்கூறைத் திருப்பி நிறுத்தாவிட்டால் சமச்சீரைக் கண்டுபிடிக்க முடியாமல் நிரல் நிற்கும், அல்லது சமச்சீரே இல்லாமல் பல மடங்கு நேரம் ஓடும்.

சிலிக்கனை மையத்தில் வையுங்கள். இரண்டு ஐதரசன்கள் (1.208, 0, 0.8545), (−1.208, 0, 0.8545) என்ற இடங்களில். மற்ற இரண்டும் (0, 1.208, −0.8545), (0, −1.208, −0.8545). எல்லாம் அங்ஸ்ட்ரத்தில். இந்த நான்கு வரியைத் தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.

அடிச்சார்புத் தொடையை (ஒபிற்றல்களைக் கட்டப் பயன்படும் சார்புகளின் கூட்டம்) தெரிவு செய்யும்போது “பெரியது நல்லது” என்ற பழக்கத்தை விடுங்கள். சாதாரண மூலக்கூற்றுக் கணிப்பில் பரவலான சார்புகளைச் சேர்த்தால் விடை திருந்தும். இங்கே மூலக்கூறைச் சுற்றி ஒரு கோளம் வரைகிறோம், பரவல் சார்புகள் அந்தக் கோளத்துக்கு வெளியே கசியும். கோளத்துக்குள் ஏற்கனவே இருக்கும் தொடர்ச்சிச் சார்புகளோடு (வரும் இலத்திரனைக் காட்டுபவை) அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நேரியல் சார்பும் வரும். சிசி-பிவிடிசெட் (cc-pVDZ) போன்ற நடுத்தரத் தொடையில் தொடங்குங்கள்.

6. ஆர் தாயக் கணிப்பு

முறையின் சாரம் இவ்வளவுதான். மூலக்கூறைச் சுற்றி 10 முதல் 15 போர் ஆரை அளவில் ஒரு கோளம். உள்ளே வரும் இலத்திரனை மூலக்கூற்றின் இலத்திரன்களில் இருந்து பிரித்தறிய முடியாது. பரிமாற்றம், இணைவு எல்லாவற்றையும் முழுதாகக் கணிக்க வேண்டும். வெளியே அது தனி இலத்திரன், மூலக்கூற்றின் நீண்டதூர விசையை மட்டும் உணர்கிறது. உள்வேலை கனமானது, ஆனால் படும் சக்தியைப் பொறுத்து மாறாது, ஒரே தடவை செய்தால் போதும். வெளிவேலை இலகு, ஆயிரம் சக்திப் புள்ளிக்கும் விரைவில் ஓடும். இந்தப் பிரிவினைதான் சாதாரண மடிக்கணினியில் இதைச் சாத்தியமாக்குகிறது.

முதல் ஓட்டம்: நிலைப் பரிமாற்ற மாதிரி. மூலக்கூறு உறைந்து நிற்கும், முனைவாக்கம் (வரும் இலத்திரனால் அதன் முகில் நெளிவது) இல்லை. கோள ஆரை 10, பகுதி அலைகள் கோண உந்த எண் 4 வரை. சிலேனுக்கு நிமிடக் கணக்கில் முடியும். விடை நன்றாக இருக்காது, அது தெரிந்ததுதான். நிரல் சரியாக நிறுவப்பட்டதா என்று பார்க்கவே இந்த ஓட்டம்.

இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. இவ்வளவு எளிதாக இவ்வளவு பிழையைக் காட்டித்தரும் சோதனை வேறில்லை. நான்முகியின் டி2 சமச்சீர், சி2வியில் ஏ1, பி1, பி2 என்று மூன்றாகப் பிரியும். ஆகவே பி1, பி2 இரண்டின் ஐகன் அவத்தைக் கூட்டுத்தொகையும் (சிதறிய அலையின் அவத்தை எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் எண்) எல்லாச் சக்தியிலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படிய வேண்டும். விலகினால் ஆள்கூறு தவறு, அல்லது சமசக்தி ஒபிற்றல் கூட்டத்தில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டிருக்கிறது. அந்த நிலையில் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

இரண்டாம் ஓட்டம்: முனைவாக்கத்தைச் சேர்ப்பது. இலத்திரன் நெருங்கும்போது மூலக்கூற்றின் முகில் நெளிகிறது. அதைக் காட்ட, நிரம்பிய ஒபிற்றலில் இருந்து ஓர் இலத்திரனை வெற்று ஒபிற்றலுக்குத் தூக்கிய நிலைகளைச் சேர்க்கிறோம். எத்தனை வெற்று ஒபிற்றல் என்பதுதான் முழு ஆய்வின் உயிர்நாடி. குறைவாகச் சேர்த்தால் பரிவு (இலத்திரன் மூலக்கூற்றில் சற்று நேரம் சிக்குவதால் குறுக்குவெட்டில் எழும் மேடு) உயர்ந்த சக்தியில் நிற்கும், அளவுக்கு மீறிச் சேர்த்தால் மிகவும் கீழே இறங்கிவிடும். “அளவீட்டுக்குப் பொருந்தும் எண்ணிக்கையைத் தெரிவு செய்தேன்” என்று எழுதுபவர்கள் உண்டு. அளவீடே இல்லாத மூலக்கூற்றுக்கு அந்த வழி உதவாது. 10, 20, 30 என்று கூட்டிக்கொண்டு போய், பரிவு எங்கே நகர்கிறது என்று வரைபு கீறுங்கள். கூட்டும்போது எப்போதும் சமசக்திக் கூட்டத்தை முழுதாகச் சேருங்கள்.

சிலேனில் எதிர்பார்க்க வேண்டியவை இரண்டு. ஏறத்தாழ 3 இலத்திரன் வோல்ற்றுப் பக்கத்தில் டி2 சமச்சீரில் ஒரு வடிவப் பரிவு. முனைவாக்கம் இல்லாத மாதிரியில் அது மேலே தள்ளி நிற்கும், சேர்த்ததும் இறங்கி வரும். அடுத்தது, 0.3 இலத்திரன் வோல்ற்றை ஒட்டிய ராம்சவர்-டவுன்செண்ட் இழிவு (குறுக்குவெட்டு ஆழமாகக் குறையும் பள்ளம்). முனைவாக்கம் இல்லாமல் அந்த இழிவு தோன்றவே தோன்றாது. இரண்டும் வந்துவிட்டால் உங்கள் மாதிரி பௌதிகத்தைப் பிடித்துவிட்டது என்று நம்பலாம்.

மூன்றாம் ஓட்டம்: பல இலக்கு நிலைகளைச் சேர்க்கும் நெருங்கிய இணைப்பு மாதிரி. மூலக்கூறு உடைவது பெரும்பாலும் இலத்திரன் கிளர்ச்சி வழியாகத்தான். சிலேனில் கிளர்ந்த நிலைகள் நிலைத்து நிற்காமல் உடைந்து, படலத்தை வளர்க்கும் துண்டுகளைத் தருகின்றன. ஆகவே பிளாஸ்மா ஆட்களுக்கு மிக வேண்டியது இந்த ஓட்டத்தின் விடைதான். ஆனால் அயனாக்க வாசலை நெருங்கும்போது போலிப் பரிவுகள் முள்முள்ளாக எழும். அவற்றைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். கோள ஆரையை 10இல் இருந்து 12, 13 என்று மாற்றியோ வெற்று ஒபிற்றல்களை மாற்றியோ பாருங்கள். உண்மைப் பரிவு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும், போலி ஓடிவிடும். ஆரையைக் கூட்டும்போது தொடர்ச்சிச் சார்புகளையும் அந்த ஆரைக்கு உரியதாக மாற்ற வேண்டும். பழையதையே விட்டால் விடை சத்தமில்லாமல் கெடும்.

கால அளவு: நிரலைத் தொகுத்து நிறுவச் சில நாட்கள், முதல் மாதிரிக்கு ஒரு வாரம், முனைவாக்க ஒருங்கலுக்கு (வெற்று ஒபிற்றல்களைக் கூட்டிக்கூட்டி விடை நிலைக்கும் வரை பார்ப்பது) ஒன்றிரண்டு மாதம் என்று ஒதுக்குங்கள். ஆய்வு முன்மொழிவில் “ஒரு மாதத்தில் ஐந்து மூலக்கூறு” என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

7. இருமுனைவு உள்ள மூலக்கூறு என்றால்

சிலேனுக்கு நிலையான இருமுனைவு (நேர், எதிர் ஏற்றங்களின் மையங்கள் விலகி நிற்பது) இல்லை, அதனால்தான் முதலில் அது. சிலிக்கன் நைத்திரைட்டுப் படலத்துக்குப் பயன்படும் அமோனியாவுக்கு இருமுனைவுத் திருப்புதிறன் 1.47 டெபை. அந்த விசை வெகுதூரம் நீள்வதால் கோண உந்த எண் 4 வரையான அலைகள் போதாது. மீதியைப் போர்ன் அண்ணளவாக்கத்தால் (தூரத்து மெல்லிய விசைக்கான எளிய கணக்கு) நிரப்ப வேண்டும், நிரலிலேயே அதற்கு வழி உண்டு. கருக்களை அசையாமல் வைத்தால் முன்திசையில் குறுக்குவெட்டு முடிவிலிக்குப் போகும், ஆகவே மூலக்கூற்றின் சுழற்சியையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருத்தத்துடனும் இல்லாமலும் இரண்டு வளையியையும் வெளியிடுங்கள். பரிசோதனைகளில் மிகச் சிறிய கோணங்கள் அளக்கப்படாமல் போவதுண்டு, அவற்றோடு ஒப்பிடத் திருத்தமில்லாத வளையியும் தேவைப்படும்.

8. சரிபார்ப்பு, அலகு மாற்றம்

எலெக்ஸ்கேட் (LXCat) தரவுத்தளத்தில் பல வாயுக்களின் குறுக்குவெட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தன் தளத்தில் பி.இ.பி. மதிப்புகளை வைத்திருக்கிறது. உங்கள் வளையியை இவற்றோடு ஒரே வரைபில் போடுங்கள்.

ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். கணிப்பு நிரல்கள் பெரும்பாலும் போர் ஆரையின் வர்க்கத்தில் தரும், கட்டுரைகள் சதுர அங்ஸ்ட்ரத்தில், எலெக்ஸ்கேட் சதுர மீற்றரில். ஒரு போர் ஆரை வர்க்கம் 0.28 சதுர அங்ஸ்ட்ரம், அதாவது 2.8 × 10⁻²¹ சதுர மீற்றர். சக்தியில் ஆற்றீ 27.211, ரிட்பேர்க் 13.606 இலத்திரன் வோல்ற்று. ஒரே தொகுதியில் ஒரு கோப்பு ரிட்பேர்க்கிலும் அடுத்தது இலத்திரன் வோல்ற்றிலும் இருக்கலாம். இரண்டு மடங்கு வித்தியாசம் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இன்னும் ஆபத்தான குழப்பம்: மொத்த மீள்தன்மைக் குறுக்குவெட்டும் உந்த இடமாற்றக் குறுக்குவெட்டும் (பின்னோக்கிச் சிதறுவதற்குக் கூடுதல் எடை தருவது) வெவ்வேறு. போல்சிக் பிளஸ் (BOLSIG+) போன்ற பிளாஸ்மா நிரல்கள் கேட்பது இரண்டாவதை. ‘பயனுறு’ என்று குறித்த தரவில் மீள்தன்மையற்ற மோதல்களும் சேர்ந்திருக்கும், அதை மீள்தன்மை என்று கொடுத்தால் சில மோதல்கள் இரண்டு தடவை எண்ணப்படும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் அழகான விடை ஒன்றைக் காட்டும்.

9. பெரிய மூலக்கூறுகளுக்குப் போகும் வரிசை

சிலிக்கன் ஒட்சைட்டுப் படலத்துக்குப் பயன்படும் டெட்ராஎதில் ஓர்தோசிலிக்கேட்டைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அதில் 33 அணு, 114 இலத்திரன். நான்கு எதொட்சிக் கைகளும் சுழல்வதால் ஒரே வடிவமும் கிடையாது. அதற்கு ஆர் தாயத்தை மடிக்கணினியில் முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம். பி.இ.பி.யை இரண்டு மூன்று வடிவங்களுக்குச் செய்து ஒப்பிடுங்கள். உயர்சக்தி மீள்தன்மைக்கு, எல்செப்பா (ELSEPA) நிரலால் ஒவ்வோர் அணுவுக்கும் கணித்து, அணுக்கள் ஒன்றையொன்று மறைப்பதற்கான திருத்தத்தோடு கூட்டுங்கள். மேற்பார்வையாளர் தாழ்சக்தியும் கேட்டால், கொத்துக் கணினி இல்லாமல் முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

என் பரிந்துரை: சிலேன், அமோனியா, டைசிலேன். மூன்றும் முடிந்த பிறகு எக்சாமெதில் டைசிலொக்சேன், அதுவும் 90 இலத்திரன் என்பதை மறக்காமல். அலுமினியம் ஒட்சைட்டுப் படலத்துக்கான டிரைமெதில் அலுமினியத்தை எடுப்பவர்கள், அது அறை வெப்பநிலையில் பெரும்பாலும் இரண்டு இரண்டாகச் சேர்ந்து நிற்கும், சூடாக்கினால் பிரியும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அறையின் வெப்பநிலையில் எது இருக்கிறதோ அதைத்தான் கணிக்க வேண்டும்.

10. கோப்புகளை ஒப்படைப்பது

வரைபை மட்டும் கொடுத்தால் பிளாஸ்மா மாதிரி செய்பவருக்குப் பயன் இல்லை. சக்தி, குறுக்குவெட்டு என்ற இரு நெடுவரிசை உள்ள, வடிவமைப்பு எதுவும் இல்லாத எழுத்துக் கோப்பாகக் கொடுங்கள். தலைப்பில் அலகு, செயல்முறையின் பெயர், வாசல் சக்தி, கோள ஆரை, அடிச்சார்புத் தொடை, வெற்று ஒபிற்றல் எண்ணிக்கை, நிரலின் பதிப்பு எண். வாசலுக்குக் கீழே குறுக்குவெட்டு பூச்சியம் என்று ஒரு வரி சேருங்கள். பரிவு இருக்கும் இடத்தில் புள்ளிகளை நெருக்கமாகவும் மற்ற இடத்தில் தளர்வாகவும் வையுங்கள். உள்ளீட்டுக் கோப்புகளையும் மோல்டன் கோப்பையும் ஒரே சுருக்கக் கோப்பாக்கிச் செனோடோவில் ஏற்றினால் நிரந்தர அடையாள எண் ஒன்று இலவசமாகக் கிடைக்கும், ஆய்வறிக்கையில் அதைக் குறிப்பிடலாம். ஏற்றும் முன் மேற்பார்வையாளரின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பெரிய இடைக்கோப்புகளை ஏற்ற வேண்டாம், உள்ளீடு இருந்தால் அவற்றை யாரும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.